எண்ணாமல் எழுதிய பதினெட்டு

தங்கச்சி,

உன் மணிக்கூடு என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நெஞ்சில் குத்திக்கொள்கிற நேர்ஸ் மணிக்கூடு. குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் நேராகத் தெரியும்படி தலைகீழாகத் தொங்குவது. ஊதா நிற ரப்பர் உறையின் ஓரத்தில் உன் பல் பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. வகுப்பு நீண்டுபோனால் அதைக் கழற்றி வாயில் வைத்துக் கடிப்பாய். வார்டுக்குக் கொண்டுபோகிற சாமானை வாயில் வைக்கிறாயே, நீயெல்லாம் நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளையா என்று ஏசியிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் ஹவுன்ஸ்லோவில் உங்கள் வீட்டில் வைத்து உன் அப்பா இதை என் கையில் தந்தார். ஏன் தந்தார் என்பதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்புத் தொடங்கிய அன்று நீ என்னை அங்கிள் என்றாய். உனக்குப் பத்தொன்பது, எனக்கு நாற்பத்திரண்டு. பிழை சொல்ல முடியாது. பதினான்கு வருடம் பெற்றோல் அடிக்கிற செட்டில் நின்று கால் வீங்கிய பிறகு, லூயிஷாமிலிருந்து படிக்க வந்தவன் நான். "ஒரே வாங்கிலை இருந்து ஒரே சோதினை எழுதப்போறம். அங்கிள் எண்டு கூப்பிட்டா எனக்குப் பேனை ஓடாது" என்றேன். "ஓகே, அண்ணை" என்றாய். பிறகு ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வந்து உன் அப்பாவையும் நான் அண்ணை என்று கூப்பிட, உறவுமுறை உருப்படாமல் போச்சு என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்தப் படிப்பை வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். காலை ஏழரைக்குத் தொடங்கும் ஷிப்ட் பன்னிரண்டரை மணித்தியாலம். வீட்டுக்கு வந்தால் கட்டுரை. கட்டுரை முடிந்தால் மருந்துக் கணக்குச் சோதினை. இதற்குள் வார்டில் நின்ற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். மணித்தியாலம் குறைந்தால் பட்டம் இல்லை. நீ ஹவுன்ஸ்லோவிலிருந்து லண்டனின் மறுகரைக்கு வர நாலு மணிக்கு எழும்புவாய். ரயிலில் மடிக்கணினியை வைத்து என் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவாய். "அண்ணை, இது அசைன்மென்டா, கவுன்சிலுக்கு எழுதின பெட்டிசமா?" என்பாய். பதிலுக்கு நான் இடியப்பமும் சம்பலும் கொண்டுவருவேன். பதினைந்து நிமிட இடைவேளையில் துணி மாற்றும் அறையில் நின்றபடியே சாப்பிடுவோம். உட்கார்ந்தால் எழும்ப முடியாது என்று நீதான் கண்டுபிடித்தாய்.

எங்கள் விரிவுரையாளர் அம்மையார் என்றால் இப்போதும் எனக்குப் பயம்தான். மூச்சை எண்ணுவதற்கு அவர் வைத்திருந்த முறை உனக்கு நினைவிருக்கும். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல் பாவனை செய்ய வேண்டும். பார்வை மட்டும் நெஞ்சில் இருக்க வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதரின் மூச்சு மாறிவிடும். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர் வாசலால் போகலாம் என்பார். ஒரு மாணவரைக் கட்டிலில் படுக்கவைத்து உன்னை எண்ணச் சொன்னார். பக்கத்தில் தன் மணிக்கூட்டுடன் நின்றார். உன் எண்ணிக்கையில் ஒன்று பிசகியது. முழு வகுப்பும் பார்த்திருக்க ஏழு தரம் எண்ணவைத்தார். ஒவ்வொரு தரமும் ஒரே கேள்விதான்: எண்ணினாயா, ஊகித்தாயா? நீ கழிப்பறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாய். அதன் பிறகு ஒருநாளும் நீ ஊகித்தது கிடையாது. அன்றுவரை, நான் வாயைத் திறந்த அந்த நாள்வரை.

இரண்டாம் வருடம் எங்கள் இருவரையும் ஒரே வார்டில் போட்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்த சிஸ்டருக்கு வேறு வியாதி. அவருக்கு எல்லாம் பத்து மணிக்குள் முடிய வேண்டும். ஒருத்தி எண்ணு என்றாள், மற்றவள் ஓடு என்றாள். இரண்டு பேரும் எங்கள் கையெழுத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். உனக்கு ஒன்பது நோயாளிகள். நீ ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் நிற்பாய். பிந்துவாய். வார்டின் நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்க, இவள் இந்த வேலைக்குச் சரிவரமாட்டாள் என்று சிஸ்டர் சொல்லுவார். மூன்றாவது கிழமை இடைவேளைக்குச் சாப்பிட வருவதையும் நீ நிறுத்திவிட்டாய்.

அப்போதுதான் நான் உனக்கு அந்தப் புத்தியைச் சொன்னேன். "பிள்ளை, ஆள் கதைச்சுக்கொண்டு இருந்தா மூச்சுக்குப் பதினெட்டெண்டு போட்டுட்டு வா. எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம். நானும் அப்பிடித்தான்." நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையில் மூச்சு இருந்தால் சரி. பதினெட்டு என்று போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"சீரியஸ்லி? அப்பிடிச் செய்யலாமா, அண்ணை?"

"தப்பிப் பிழைக்கவேணும் எண்டா செய்யவேணும்."

இரண்டு நாள் நீ நேரத்துக்கு முடித்தாய். சிஸ்டர் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாம் நாள் விரிவுரையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்கு வந்தார். தேநீர் கேட்டுக்கொண்டு இருந்த உன் வயதான நோயாளி ஒருவருக்குப் பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம் நின்றார். உன் தாளில் பதினெட்டு. அவர் எண்ணியது முப்பது. பின்னேரத்துக்குள் அந்த மனிதரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நல்லகாலம், உயிர் தப்பினார்.

அந்த அம்மையாரை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்படிச் செய்யச் சொல்லித் தந்தது யார் என்று கேட்டார்கள். நீ வெளியே வரும்வரை நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். வந்ததும் சொன்னாய்: "உங்கட பேரை நான் சொல்லேல்லை."

"ஏன்?"

"ரெண்டு பேரும் பெயிலானா உங்கட அசைன்மென்டை ஆர் திருத்துறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் அப்போதே திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு, வீட்டு வாடகை, நாற்பத்து நான்கு வயது, இனிப் பெற்றோல் செட்டுக்குப் போக ஏலாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அந்த வார்டை நீ முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் பின்னால் போனாய். நான் பட்டம் வாங்கி நேர்ஸின் நீல உடுப்புப் போட்ட அன்று எனக்குப் பூங்கொத்தோடு வந்தது நீதான். அதற்கு அடுத்த மாரிக் குளிரில், படிப்பு முடிய ஆறு கிழமை இருக்கும்போது, உனக்கு இருமலும் காய்ச்சலும். வீட்டில் நில் என்று தொலைபேசியில் சொன்னேன். "மணித்தியாலம் குறையுது, அண்ணை. இனியும் பின்னாலை போக ஏலாது. பரசிட்டமோல் போட்டிட்டுப் போறன்" என்றாய். நாலாம் நாள் வார்டு வாசலில் மயங்கி விழுந்தாய். நிமோனியா என்று படுக்கவைத்தார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. உனக்கு இருபத்துமூன்று வயது.

உன் அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். உன் செத்தவீட்டிலும் அழாமல் வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டு நின்றார். போன கிழமை எனக்கு அழைப்பு எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டு உன் கடைசி இரண்டு நாள் பதிவுகளின் பிரதியை வாங்கியிருக்கிறார். நேற்றுப் போனபோது தபாலுறையைப் பிரித்து மேசையில் பரப்பினார். உன் அம்மா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா.

"தம்பி, எழுத்து வாசிக்க ஏலும். இந்த இலக்கங்கள்தான் எனக்கு விளங்கேல்லை. நீர் படிச்ச ஆள். இதிலை ஏதும் பிழை இருக்கோ எண்டு பாத்துச் சொல்லும். இல்லையெண்டா இதை மூடி வைச்சிட்டு நாங்கள் இருக்கலாம்."

எனக்கு அதிகம் தேட வேண்டி இருக்கவில்லை. காய்ச்சல் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, அதற்கும் மேலே. நாடி நூறு, நூற்றுப்பத்து, நூற்று முப்பது. மூச்சு என்ற வரியில் பதினெட்டு. அடுத்தது பதினெட்டு. அதற்கு அடுத்ததும் பதினெட்டு. உன் கட்டிலுக்கு வந்த எவரோ, ஒன்பது நோயாளியோ பதினொரு நோயாளியோ வைத்துக்கொண்டு ஓடியவர், உன்னைக் கதைக்கவைத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சரியாக எண்ணியிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று என்னால் சொல்ல முடியாது. முன்னமே ஒருவர் ஓடிவந்திருப்பார் என்று மட்டும் சொல்லலாம்.

பிழை இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தபாலுறையை ஒட்டியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. உன் மேலே ஆணை, வந்தது.

"மூச்சை எண்ணேல்லை, அண்ணை. எண்ணாமல் போட்டிருக்கினம்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

காய்ச்சலும் நாடியும் ஏறும்போது மூச்சு மட்டும் அசையாமல் நிற்காது என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது போதும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் படிக்கேக்கை அப்பிடிப் போட்டனான். பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தனான். அவள் ஒரு வருசம் பின்னாலை போனது அதாலைதான்."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

உன் அப்பா தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பழக்கதோஷம், எனக்குத் தெரியாமலே அவர் நெஞ்சைப் பார்த்து எண்ணத் தொடங்கியிருந்தேன். அவமானமாக இருந்தது. பாதியில் நிறுத்தினேன்.

"அவள் எங்களுக்குச் சொல்லேல்லையே" என்றார் கடைசியாக.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எழும்பி உள்ளே போனார். கதவைக் காட்டப்போகிறார் என்று நினைத்து நானும் எழும்பி நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கையில் இந்த மணிக்கூடு இருந்தது. என்னைப் பார்க்காமலே நீட்டினார்.

"இந்தக் கடுதாசியிலை இருக்கிற பிழையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதித் தாரும். நீர் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்ததையும் சேர்த்து எழுதும். ரெண்டையும் எழுதும்." பிறகு, "இது அவள் எண்ணின மணிக்கூடு. இனி நீர் இதை வைச்சு எண்ணும்" என்றார்.

மன்னித்தார் என்று நான் நினைக்கவில்லை. உன் அம்மா வெளியே வரவில்லை. வழக்கமாகத் தருகிற தேநீரும் நேற்று இல்லை.

இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். நாளைக்கு உன் அப்பாவுக்குத் தபாலில் சேர்ப்பேன். இதனால் என் வேலைக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. என் ஆங்கிலத்தைத் திருத்த இந்தத் தரம் ஒருவரும் இல்லை. பெட்டிசம் போலத்தான் இருக்கிறது.

இன்று காலை உன் மணிக்கூட்டைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் கட்டிலில் ஒரு கிழவர், காற்பந்து பற்றிக் கலகலப்பாகக் கதைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பின்னால் வேறு கட்டில்களின் அழைப்பு மணிகள் இரண்டு அடித்துக்கொண்டிருந்தன, யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நீ கடித்த அந்த விளிம்புக்குள் விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி முடியும்வரை நின்றேன்.

இருபத்தாறு. அதைத்தான் எழுதினேன்.

அண்ணை