செத்தவர் பெயரில் ஒரு கோல்

12.6.1955, ஞாயிறு

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து அணியிடம் இன்றும் தோற்றோம். தொழிலாளர் லயத்து வாசலில் அவர்களுடைய பழைய மோசடிகளைப் பற்றியே பேச்சு. நடுவருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தார்களாம்.

"அது என்னாங்க பெருசு? போன வருசம் லிந்துலையில வெளியாள எறக்குனாங்களே! செத்துப்போன சின்னையா பேர தோட்டத்து ஆள்கணக்கு செக்ரோல்ல வெட்டாம வச்சிருந்து, அந்தப் பேருல ஆட விட்டாங்க," என்றார் ராமையா. "வாத்தியாரே, தொரைக்கு ஒரு பெட்டிசன் எழுதுங்க. அந்தக் களவாணிக்கு எந்தத் தோட்டத்துலயும் வேல குடுக்கக் கூடாதுன்னு போடுங்க."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். நான் இங்கே வந்து நாலு மாதம்தான்.

போன வருடம் லிந்துலையில் அன்று நான் கோல் போட்டதும் கூட்டம் "சின்னையா! சின்னையா!" என்று கத்தியது. கோட்டோரம் நின்ற சின்னையாவின் மனைவி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தப் பெட்டிசனால் விசாரணை வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.