உலக்கையும் பெல்ஜியம் கண்ணாடியும்

நேற்று பழைய சாமான் கடை அண்ணாச்சி, கை தவறி ஒரு விளக்குக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். "ஒரு கண்ணாடிதானம்மா, எதுக்கு இப்படிப் பதறுதிய?" என்றார். அவருக்கு உன் வீட்டுக் கூடம் தெரியாது. ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு சண்டை போட எனக்கு வேறு ஆள் இல்லை.

கல்லூரியிலிருந்தே நமக்குப் பழைய சாமான் சேர்க்கும் இந்தப் பைத்தியம். எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், எனக்கு முன்னால் நீ அங்கே நிற்பாய். கீழவைப்பாரில் இடித்த வீட்டிலிருந்து அந்த பெல்ஜியம் கண்ணாடியை வாங்கி, வேனில் மெத்தைமேல் படுக்கவைத்து, வழியெல்லாம் டிரைவரை வைதுகொண்டே கொண்டுவந்தாய். ஆள் உயரம், தேக்குச் சட்டம், சுற்றிலும் திராட்சைக் கொடி. ஓரத்தில் பாதரசம் கறுத்திருக்கிறதே, புதிதாகப் பூசித் தரட்டுமா என்று கேட்டு ஒருவன் வந்தான். "அது அதோட வயசு. பூசணும்னா ஒன் மூஞ்சில பூசுலே" என்று வாசலோடு விரட்டினாய். அதற்கு எதிரே சரவிளக்கு, சுவரோரம் சீனத்துச் சாடிகள், மூலையில் மரத்தில் செய்த மாதா சுரூபம். உன் வீட்டில் காபி குடிக்கக்கூடக் கைகாலை ஒடுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

உன் பிள்ளைகள் இருவருக்கும் அதெல்லாம் 'அம்மாவோட குப்பை'. சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்து கண்ணாடிக்குப் பெரிய விலை சொன்னான் பார், அன்றோடு குப்பை சொத்தாகிவிட்டது. சாகுபுரம் ஆலையில் வேலை பார்த்த பெரியவனும், துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய சின்னவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வந்த நேரம், நானும் புதுச் சாடி ஒன்றைப் பார்க்க வந்திருந்தேன். பெரியவன் ஆள் வைத்துக் கண்ணாடியைத் தூக்கிப்போக வேனோடு வந்தான். சின்னவன் குறுக்கே நின்றான்.

"கண்ணாடியத் தொட்ட, கைய எடுத்துருவேன்."

"எடுலே பாப்போம்!"

சின்னவன் பக்கத்தில் இருந்த பித்தளை விளக்கைத் தூக்கி அண்ணன் தலையில் போட்டான். நெற்றி பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. வந்த ஆட்கள் ஓடிவிட்டார்கள். பெரியவன் அடுக்களைக்குப் போய் அரிவாளோடு வந்தான். முதல் வீச்சு சரவிளக்கில் பட்டு, கண்ணாடித் துண்டு ஒன்று என் காதைக் கிழித்தது. இரண்டாவது வீச்சில் சின்னவன் தோள் கிழிந்து சதை தெரிந்தது. நான் போட்ட கூச்சலுக்கு இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையில் ஒன்று கிடைத்திருந்தால் நானே அவர்களை அடித்துக் கொன்றிருப்பேன். அவ்வளவு ஆத்திரம்.

நீ கொல்லையிலிருந்து உலக்கையோடு வந்தாய். அவர்களை அடிக்கப்போகிறாய் என்று நினைத்தேன். அவர்களைக் கடந்து போய்க் கண்ணாடியில் போட்டாய்.

"எதுக்குலே வெட்டிக்கிடுதிய? இதுக்கா?"

அடுத்து ஒரு சாடி. "இதுக்கா?" இன்னொரு சாடி. "இதுக்கா?" பிள்ளை மாதிரி துணி சுற்றித் துடைத்தவற்றை, வெறி பிடித்தவளாக அடித்து நொறுக்கினாய். உன் பாதமெல்லாம் ரத்தம். கடைசியில் மாதாவுக்கு முன்னால் போய் உலக்கையை ஓங்கினாய்.

"எம்மா! மாதாம்மா! வேண்டாம்மா!" என்று பெரியவன் அலறினான்.

அரிவாள் தரையில் விழுந்தது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்து உன் கையைப் பிடித்தார்கள். பெரியவன் நெற்றி ரத்தம் தம்பியின் விரல்மேல் சொட்டியது. பிறகு மூன்று பேரும் கண்ணாடிச் சில்லுக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதீர்கள். என் காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு உன்னிடம் மெதுவாகக் கேட்டேன், மாதாவை நிஜமாகவே அடித்திருப்பாயா என்று.

"அவனுவ பிடிக்கலன்னா அடிச்சிருப்பேம்ளா. மாதாவும் மகனப் பறிகொடுத்தவதான. அவளுக்குப் புரியும்."

அரிவாளுக்குப் பயந்ததைவிட அந்த நேரம் உனக்குத்தான் அதிகம் பயந்தேன். அந்தக் கண்ணாடியை உடைத்ததற்காக உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உன் அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டை உன் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். பெரியவனுக்கு மூச்சு வாங்கியபோது, "நீ விடுண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் சின்னவன். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான் சேர்த்ததெல்லாம் என் வீட்டில் அப்படியே இருக்கிறது. ஒரு தட்டில்கூடக் கீறல் இல்லை. எதை யாருக்குக் கொடுப்பேன் என்று கேட்டுக் கேட்டு, என் பிள்ளைகள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. தினமும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கிறேன். எனக்குக் கை ஓங்க வரவில்லை.