பதினான்காம் எண் கதவு

மெல்போர்ன், ஆகஸ்ட் 9

அன்புள்ள நோரீனுக்கு,

நலமா? மூட்டுவலி குறைந்ததா? இந்தத் தடவை கடிதத்தை வேறு யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதுகிறேன்.

நான் ஜெர்சி துவைக்கும் கிளப்பில் நூறு ஆட்டம் ஆடியவனின் பெயரை அவனுடைய லாக்கர் கதவில் எழுதுவார்கள். பத்து வருடமாக ஃபுட்டிப் பந்தாட்ட மைதானத்தின் நடுவில் விலா எலும்பு உடைய ஓடிய பிரெண்டன் தொண்ணூற்றொன்பதில் நிற்கிறான். வியாழக்கிழமை ஒட்டிய அணிப் பட்டியலை நானே படித்தேன். அவன் பெயர் இல்லை.

பயிற்சியாளர் விண்டர்ஸ் சிரித்தான். "அவன் கதை முடிஞ்சுது, கிழவா. அவனோட பதினாலாம் நம்பர் ஜெர்சியத் தொவச்சுப் புதுசா வந்தவன்கிட்ட குடு."

நான் துவைக்கவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்து பதினான்காம் எண் லாக்கர் கதவில் பிரெண்டன் பெயரை எழுதினேன்.

"நூறு ஆகலையே. அழிடா."

"எழுதத்தான் கத்துக்கிட்டேன். அழிக்கிற வேலையெல்லாம் உனக்குத்தான் நல்லா வருது."

அங்கேயே என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டான். கவலைப்படாதே, அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பூட்ஸ் எடுக்க வந்த பிரெண்டன் கதவை வெகுநேரம் பார்த்தான். பிறகு திருகாணிகளைக் கழற்றி, கதவையே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு கப்பலில் கடல் தாண்டி வீட்டுக்கு வருகிறேன். கட்டிலில் என் பக்கத்துப் போர்வையை வெயிலில் போட்டு வை. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

உன்
கிளெம்