லேசான மயக்கம்தான் என்று சொன்னார்கள்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன பிறகு பெய்த மழையையெல்லாம் சேர்த்தாலும் கரிசலின் வெடிப்பு மூடாது. பசுவந்தனையில் இந்த வருஷமும் பருத்தி காய்ந்துவிட்டது. அதனால்தான் உன் மகள் சரசு மறுபடியும் கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். என்னால் தடுக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நீ போன அன்றைக்கு ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்த அண்ணாச்சி உள்ளதைத்தான் சொன்னார். "பதறாதீங்க தாயி. பிள்ளைக்கு லேசா மயக்கம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நம் பக்கத்தில் சாவை யார் நேராகச் சொன்னார்கள்? அப்பா இறந்தபோதும் "கொஞ்சம் சொகமில்ல" என்றுதானே நம்மை அழைத்து வந்தார்கள்? அண்ணாச்சி சொன்னதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, மறைக்காவ. எம்புள்ள போயிட்டா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போய்ப் பார்த்தால் சரசு சோடா குடித்துக்கொண்டிருந்தாள். நீ அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாய். ஆனால் உன் நெஞ்சின் படபடப்பு அடங்கவில்லை. பொழுது சாயுமுன் போய்விட்டாய்.

பிறகு டாக்டர் சொன்னார்: "பயந்தா வேகமா ஓடுன்னு இதயத்துக்கு உத்தரவு போடுதது மூளைதாம்மா. பயம் தீர்ந்ததும் நரம்பு வழியா இழுத்துப் பிடிக்கிறதும் அதுதான். அதிர்ச்சி ரொம்பப் பெருசா இருந்தா, சில பேருக்கு அந்தப் பிடி கிடைக்கதுக்குள்ள இதயம் தளந்துருது."

பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகும் அடங்காத மூளைக்கு வேறு எப்படித்தான் சொல்வது, அக்கா?

போன வாரம் ஒருநாள் பஸ் வர வெகு நேரமாகிவிட்டது. "டயர் பஞ்சர், வேற ஒண்ணுமில்ல" என்றார் டீக்கடைக்காரர். அவ்வளவுதான், என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. சரசு இறங்கி வந்து, "என்ன சித்தி, பேயறஞ்ச மாதிரி நிக்கீங்க?" என்றாள். அவள் கஞ்சி குடித்துப் படுத்த பிறகும் எனக்கு அடங்கவில்லை. பயப்படக் கூடாது என்று டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். மழையை அவரால் எழுதித் தர முடியுமா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் வீட்டுக்குச் சேதி சொல்லப் போனாலும் உள்ளதை உள்ளபடிதான் சொல்வேன். யாரும் நம்பப்போவதில்லை என்று தெரியும். சரசுவிடமும் சொல்லிவிட்டேன். என்றைக்காவது ஆபீஸுக்கு ஆள் வந்து, "சித்திக்கு லேசா மயக்கம்" என்றால், ஓடி வராதே, மெதுவாக வா என்று.

இப்படிக்கு,
அன்று உன் கையைப் பிடித்தபடி நின்ற தங்கச்சி