சன்னலில் அப்பாவின் நோட்டுகள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கோபம் ஆறியிருந்தால் நிதானமாகப் படி. ஆறவில்லை என்றாலும் கிழித்துப் போடாமல் படி.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அது காலி என்று எனக்குத் தெரியும். அப்பா சேர்த்து உனக்கென்று வைத்துவிட்டுப் போன பழங்காலப் பண நோட்டுகளை நான்தான் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். உன் கைக்கு வந்ததோ அதே அளவில் கத்தரித்த வெள்ளைத் தாள்கள். "அக்கா, நீதானே கவரை ஒட்டினே?" என்று போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அதோடு பேச்சை நிறுத்தினாய், நாலு மாதம் ஆகிறது. தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன். உண்மையிலேயே அனுப்பினேனா என்று எனக்கே சந்தேகம்.

அனுப்பித்தான் இருக்கிறேன். நோட்டுகள் கிடைத்துவிட்டன.

பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போதே, நான் புகார் கொடுத்திருந்த இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். பொருளை அடையாளம் காட்ட வர வேண்டும், ஸ்டேஷனுக்கு அல்ல, எடுத்தவர் வீட்டுக்கு என்றார். உன் அத்தானுக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை. தனியாகத்தான் போனேன்.

எடுத்தவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். சந்தேகப்படும்படியான கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டுவதே அவர் வேலை. அதனால்தான் உனக்கு ஒட்டில் ஒரு பிசிறுகூடத் தெரியவில்லை. எப்படிப் பிடிபட்டார் தெரியுமா? வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நோட்டுகளைக் காட்டியிருக்கிறார். கடைசியில் தன் மேலதிகாரியையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இப்படி ஒரு திருடனை இன்ஸ்பெக்டரும் பார்த்ததில்லையாம்.

மாடியில் ஒற்றை அறை. அடுப்பு, கட்டில், துணி உலர்த்தும் கொடி எல்லாம் அதற்குள்ளேயே. கிழக்குப் பக்கம் ஒரு சன்னல். அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நம் நோட்டுகளை வரிசையாக வைத்து, சுற்றிலும் மரச்சட்டம் அடித்திருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது வெயில் நேராக அதில் விழுந்துகொண்டிருந்தது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா திரையை இழுத்துவிட்டுத்தானே நமக்குக் காட்டுவார்? கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும் என்பார். உள்ளே வாட்டர்மார்க் இருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் அந்தப் படம் தெரியும், பெரியவர்களானதும் காட்டுகிறேன் என்பார். காட்டாமலே போய்விட்டார். இன்று எல்லாம் தெரிந்தது. ஒன்றில் பாய் விரித்த கப்பல். ஒன்றில் தாடி வைத்த ஒரு கிழவர், தாடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. வெறும் வெள்ளை என்று நாம் நினைத்த இடங்களில் எல்லாம் யாரோ இத்தனை வருடமும் இருந்திருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றினேனா என்றுகூட நினைவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

எடுத்தவர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனவள் நான். அவராகவே தலையைக் குனிந்தபடி சொன்னார்: "விக்கறதுக்கு எடுக்கலம்மா. விளக்குல பிடிச்சுப் பாத்தேன். திரும்ப உள்ள வச்சு ஒட்ட கை வரல."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "சன்னலுக்கு ஒரு திரை வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். இதை மாட்டி வச்சுட்டு, இப்ப உள்ள போறாரு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அந்தத் தாள்களைக் கத்தரித்தபோது நம் இருவர் பேச்சையும் சேர்த்துத்தான் கத்தரித்தார். புகாரைத் திரும்பப் பெறவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அப்பா சொன்னதுபோலவே மை வெளுத்துவிட்டது. ஊதாவெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. வாங்குவதாகச் சொன்ன உன் நண்பர் இனி கால் விலைகூடத் தரமாட்டார். ஆனால் மை வெளுத்ததால்தானோ என்னவோ, உள்ளே இருப்பவை அவ்வளவு துலக்கமாகத் தெரிகின்றன.

சின்ன வயதில் அந்தப் பச்சை நோட்டின் வெள்ளை வட்டத்துக்குள் இருப்பது பறவை என்று நீயும், பெண் என்று நானும் சண்டை போட்டு, நீ என் கையைக் கடித்தாயே, அந்த வட்டத்துக்குள் இருப்பதையும் பார்த்தேன்.

நோட்டுகளை நாளை என்னிடம் ஒப்படைப்பார்கள். இன்ஸ்பெக்டரிடமும் சொல்லவில்லை, உன் அத்தானிடமும் சொல்லவில்லை, மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இனி இவற்றைத் தபாலில் அனுப்பமாட்டேன். பெட்டியிலும் பூட்டமாட்டேன். அந்த மரச்சட்டத்தோடு கேட்டு வாங்கி வந்து, நம் வீட்டில் அப்பா எப்போதும் திரை போட்டு வைத்திருந்த அதே சன்னலில் வைக்கப்போகிறேன். இவை உன்னுடையவை. விற்பதோ வைத்துக்கொள்வதோ உன் இஷ்டம். ஆனால் நீயே வந்து, ஒரு காலை என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, உன் கையால் கழற்றி எடுத்துக்கொண்டு போ.

பறவையா பெண்ணா என்று இதில் எழுதமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறும் தலையோடு திரியாதே. நீயும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா