அக்காவை யாரும் எண்ணவில்லை

செவ்வாய், இரவு.

சிங்கப்பூர்த் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் மீனா அக்கா இன்று போன் செய்தார். பூமாலை ஆர்டர்களைக் காட்டும் அவருடைய பழைய இணையப் பக்கம் வெறுமையாகத் திறக்கிறதாம். வெள்ளிக்கிழமைக் கல்யாண ஆர்டர்கள் எல்லாம் அதில்தான்.

"பிரவுசர்ல அந்தப் பழைய வசதியை எடுத்துட்டாங்கக்கா. யாரும் யூஸ் பண்றதில்லையாம்."

"நான் தினமும் யூஸ் பண்றேன் லா! என்னை யாரு கேட்டா?"

செலவை மிச்சம் பிடிக்க பிரவுசர் கம்பெனிக்காரன் சொல்லும் சாக்கு அது என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். பிறகுதான் உறைத்தது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பிரவுசரே கம்பெனிக்குச் சொல்லும். "வேவு பாப்பாங்கக்கா" என்று அக்காவின் கம்ப்யூட்டரில் அதை அணைத்து வைத்தவனே நான்தான். தெரிந்த கடைகளில் எல்லாம் அணைத்தேன். அவர்களில் ஒருவர்கூடக் கம்பெனியின் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள்.

நாளை போய்ப் பக்கத்தைச் சரிசெய்து கொடுப்பேன். அணைத்ததைத் திரும்பப் போட மட்டும் இப்போதும் மனசு வராது.