குலுங்காத சாலை

சைக்கிளை எனக்கென்று விட்டுவிட்டுப் போன என் பிரியத்துக்குரிய ரஃபீக் பாய்,

மறுபடியும் ஒரு கேமரா வந்திருக்கிறது. சைக்கிளிலும் மலையேற்றத்திலும் மாட்டிக்கொண்டு போகிற வகை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எத்தனை நட்சத்திரம் தரலாம் என்று ஆசிரியர் அவசரப்படுத்துகிறார். முன்பு நீங்கள் படம் பிடிப்பீர்கள், நான் எழுதுவேன். இப்போது இரண்டும் என் வேலை. அலுப்பாக இருக்கிறது பாய். எத்தனை கேமராவைத்தான் நல்லது, கெட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பது?

உங்கள் சைக்கிளை ஜமுனாமரத்தூர் பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனேன். அண்ணிதான் அதைத் துடைத்து, காற்றடித்துக் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரில் நீங்கள் மாட்டிய தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. கேமராவைப் பொருத்தினால் அது படத்துக்குள் துருத்திக்கொண்டு நின்றது. கழற்றிப் பைக்குள் போட்டேன்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் ஒரு கல்சாலையைத் தேர்ந்தெடுத்தேன். பாதி தூரம் ஓட்டினேன், மீதி தூரம் தள்ளினேன். முழங்கால் முன்போல இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். லட்சுமி என்கிற அம்மா கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் அவர் மகள் செல்வி, ஒன்பது மாதக் கர்ப்பிணி. ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடுமாம். அதுவரை லட்சுமியின் தம்பி முருகனுடைய ஜீப்தான். வலி எடுத்த பெண்ணை அந்தச் சாலையில் ஜீப்பில் ஏற்றிப் போவதை நினைத்தாலே லட்சுமிக்குத் தூக்கம் வரவில்லை.

"இன்னா சார் அது, பொடி டப்பா மாதிரி?" என்று கேட்டார். சொன்னேன். ஏற்கனவே குழிகளைப் போட்டோ எடுத்து மனு கொடுத்திருக்கிறார்களாம். "போட்டோல குழிதான் சார் தெரியுது. குலுங்கறது தெரியலயே. நீங்க வீடியோ எடுத்துக் குடுங்க, மனுவோட வைக்கிறோம்."

மறுபடி ஒருமுறை மேலேயிருந்து கீழேவரை ஓட்டிப் படம் எடுத்தேன். எல்லோரும் என் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். சாலை எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. ஒரு அதிர்வு இல்லை. குலுக்கலைச் சமன்செய்கிற வசதிதான் இந்தக் கேமராவின் பெருமை. நான் துள்ளினேன், படம் துள்ளவில்லை. விமர்சகனாகக் குறை சொல்ல வழியே இல்லை.

"இத்தினி வருசமா யாரும் போடாத ரோட்ட ஒரே நடையில போட்டுட்டீங்க சார்," என்றார் முருகன். "பேசாம நீங்களே கான்ட்ராக்ட் எடுத்துடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. இதைக் கொடுத்தால் ரோடு நன்றாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள் என்றார்.

அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். இந்த முறை சாலை, மரம், வானம் எல்லாம் கலந்து கலங்கின. செல்வி குமட்டுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்று பொய், மற்றதை யாரும் பார்க்க மாட்டார்கள். பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

முழங்காலுக்குத் தைலம் எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். உங்கள் பாட்டில் அகப்பட்டது. ரோஸ் சர்பத்து கலந்த தண்ணீரைப் பாதி நிரப்பி, எப்போதும் படத்தின் ஓரத்தில் தெரியும்படி வைப்பீர்கள். படம் அசிங்கமாகிறது என்று நான் சண்டை போடுவேன். "இருக்கட்டும் தம்பி. எவ்ளோ ஆடுதுன்னு கேமராவக் கேட்டா சொல்லாது. தண்ணியக் கேளு," என்பீர்கள்.

சர்பத்து அங்கே இல்லை. செல்விதான் மஞ்சள்தூளைக் கரைத்துக் கொடுத்தாள். அவள் உட்காரப்போகிற முன் இருக்கைக்கு நேராக, ஜீப்பின் கைப்பிடியில் பாட்டிலைக் கட்டினோம். அதற்குப் பின்னால் கேமராவைப் பொருத்தி, சமன்செய்கிற வசதியை ஓடவிட்டு, முருகனை மெதுவாகவே ஓட்டச் சொன்னேன்.

படத்தில், கண்ணாடிக்கு வெளியே சாலை அசையாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் எகிறி, மூடியில் மோதி, விழுந்து, மறுபடி எகிறியது. கடைசியில் மூடி தெறித்து, முருகனின் சட்டையெல்லாம் மஞ்சள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இதுலயாம்மா நான் போவணும்?" என்று கேட்டாள் செல்வி.

லட்சுமி மறுநாள் காலையிலேயே மகளைக் கைப்பிடித்து, உட்கார வைத்து உட்கார வைத்து, நடத்தியே மேலே கூட்டிப்போய் ஜமுனாமரத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டார். வீடியோவோடு மனுவும் போயிருக்கிறது. எந்த மேசையில் இருக்கிறதோ, தெரியவில்லை. இத்தனை வருடம் செய்தி எழுதியவனுக்கு அதில் பெரிய நம்பிக்கை வரவில்லை பாய்.

நேற்று முருகன் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். ஆனால் வீட்டுக்கு வர வழி அந்த ஒரு சாலைதானே? பச்சைக் குழந்தையோடு எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கட்டுரையை முடித்துவிட்டேன். மலைக்குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, மரநிழலில் முகங்கள் கறுத்துவிடுகின்றன என்று எழுதினேன். குலுக்கலைச் சமன்செய்வதை நிறைகளில் முதலாவதாகவும் குறைகளில் முதலாவதாகவும் எழுதினேன். ஒரே விஷயம் இரண்டிலும் எப்படி வரும் என்று ஆசிரியர் கேட்கிறார். மஞ்சள் தண்ணீர்ப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பாட்டிலைக் கழுவி, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். அந்தச் சாலையில் தண்ணீர் தளும்பாமல் இறங்கும் நாள்வரை அதைக் கழற்ற மாட்டேன். படம் அசிங்கமானால் ஆகட்டும்.

உங்களோடு இனிச் சண்டை போட முடியாத,
உங்கள் தம்பி கதிரேசன்